"வரிசையில் நின்று வரட்டுமே" என்றால் என்ன பதில் சொல்வது?

"அனுமதியில்லாமல் அமெரிக்காவில் இருப்பவர்கள் வரிசையில் நின்று முறையாக வரட்டுமே" என்று எதிரணி கேட்டதும் பட்டிமன்றத்தில் திணறினீர்கள் அல்லவா? திருப்பிக் கேளுங்கள்: எந்த வரிசை? அவர்களில் பெரும்பாலோருக்கு நிற்பதற்கு வரிசையே கிடையாது.

பேச்சை எல்லைச் சுவரிலேயே ஓட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முடிச்சு 1996-இல் வந்த அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் இருக்கிறது. எல்லையைத் தாண்டி வந்து, அமெரிக்கக் குடிமகள் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டவரை எடுத்துக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு வேண்டுமென்றால் பொதுவாக அவர் சொந்த நாட்டுக்குப் போய்த் தூதரக நேர்காணலுக்கு நிற்க வேண்டும். அனுமதியின்றி ஓராண்டோ அதற்கு மேலோ இருந்திருந்தால், வெளியே கால் வைத்ததுமே 10 ஆண்டுத் தடை. அப்புறம் யார் போவார்கள்?

மாற்று கேட்டால் 'ரெஜிஸ்ட்ரி' விதியைச் சொல்லுங்கள். 1972 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தொடர்ந்து வசிப்பவர், நன்னடத்தை காட்டி கிரீன் கார்டு கேட்கலாம். அந்தத் தேதியைக் கடைசியாக மாற்றியது 1986-இல்! நாடாளுமன்றம் அதை முன்னே நகர்த்தினாலே பலருக்கு வழி பிறக்கும்.

எதிரணி ஓர் உதாரணம் சொன்னால், அவர் விசாவில் வந்தவரா, எல்லை தாண்டியவரா என்று முதலில் பாருங்கள். விசாவில் வந்து காலம் கடந்து தங்கியவர் குடிமகளை மணந்தால், பெரும்பாலும் அமெரிக்காவில் இருந்தபடியே விண்ணப்பிக்கலாம். அங்கே உங்கள் வாதம் நிற்காது.

அதேபோல "வழியே இல்லை" என்று அடித்துப் பேசாதீர்கள். 10 ஆண்டுத் தடைக்கு விலக்கு உண்டு. மனைவிக்குக் கடும் துன்பம் நேரும் என்று நிரூபிக்க வேண்டும். அது லேசான காரியமில்லை என்பது வேறு.