கொரிய மாமியாருக்குச் சம வயதுத் தோழி

கேள்வி: என் கணவர் கொரியர். மாமியாருக்கு 76 வயது. நியூயார்க்கின் ஃப்ளஷிங்கில் முப்பது வருஷம் டிரை கிளீனிங் கடை நடத்தியவர். மாமனார் தவறியபின் கடையை விற்றுவிட்டுப் போர்ட் வாஷிங்டனில் எங்களோடு இருக்கிறார். பள்ளி விட்டதும் பேரனை அழைத்து வருவது அவர்தான். ராத்திரியில் நெஞ்சை அடைக்கிறது, உள்ளே சூடு கிளம்புகிறது என்று ஜன்னலைத் திறந்துபோட்டு உட்கார்ந்துவிடுகிறார். இசிஜி, எண்டோஸ்கோபி எல்லாம் நார்மல். ‘அம்மாவுக்குத்தான் சர்ச் இருக்கே’ என்கிறார் கணவர். அங்கிருந்தும் வாடித்தான் திரும்புகிறார். என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்த அடைப்பும் சூடும் கொரிய மருத்துவர்களுக்குப் பழக்கமானவை. ஹ்வாபியோங் என்பார்கள், வருஷக்கணக்கில் அடக்கிய கோபமும் துக்கமும் உடம்பில் இறங்குவது. 1994இல் வெளியான அமெரிக்க மனநலக் கையேட்டிலும் இது இருக்கிறது. ஆனால் பழைய இசிஜியை நம்பி இருந்துவிடாதீர்கள். வலி தோளுக்குப் பரவினால், வியர்த்தால், மூச்சு வாங்கினால் உடனே 911.

டாக்டரிடம் கொரிய மொழி பிஎச்க்யூ-9 படிவம் கேளுங்கள். ஒன்பது கேள்விகள், மொத்த மதிப்பெண் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வுக்கு முறையான பரிசோதனை தேவை. மகனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். கடைசிக் கேள்வி சாக நினைப்பது பற்றியது. பெற்ற பிள்ளை கேட்டால் எந்தத் தாயும் ‘இல்லை’ என்றுதான் சொல்வாள். மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், இலவசம்தான். அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்றால் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவிக்கு 988 எண்ணும் உண்டு.

சர்ச்சில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே பதவிப் பெயரும் மரியாதைப் பேச்சும்தான். சொன்னது அடுத்த ஞாயிறுக்குள் ஊர் சுற்றிவிடும் என்ற பயம் வேறு. கொரியர்களுக்கு ஒரு வயது மூத்தவரே அக்கா. வாய்விட்டுத் திட்டிச் சிரிக்கச் சம வயதுக்காரி வேண்டும். அதனால் ‘யாரோடாவது பழகுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லிப் பயனில்லை. அவர் 1949இல், கொரியர்களின் விலங்கு வருஷக் கணக்குப்படி எருது வருஷத்தில், பிறந்தவர் என்றால், ‘உங்களைப் போல எருது வருஷத்தில் பிறந்தவர்கள் ஃப்ளஷிங்கில் யார் யார்?’ என்று கேட்டுப் பாருங்கள், பெயர்கள் வரும்.

2014இல் ஃப்ளஷிங் மெக்டொனால்ட்ஸ் ஒன்றில், ஒரு காப்பியோடு மணிக்கணக்கில் உட்கார்ந்த கொரிய முதியவர்களைக் கிளப்பப் போலீஸ் வந்தது செய்தியானது. அக்கம்பக்கத்தில் முதியோர் மையங்கள் இருந்தும் அவர்கள் கூடியது அங்கேதான். அதனால் சந்திக்கும் இடத்தை மாமியாரும் தோழிகளுமே தேர்ந்தெடுக்கட்டும். உங்கள் வீட்டில் வேண்டாம்: இரண்டு நாள் முன்பே சமைக்கத் தொடங்கிவிடுவார், மருமகளைப் பற்றிப் புலம்பவும் முடியாது!

போர்ட் வாஷிங்டனிலிருந்து ஃப்ளஷிங்கை ஒட்டிய மரே ஹில் ரயிலில் சுமார் அரை மணி நேரம். எல்லா ரயிலும் அங்கே நிற்காது. நிற்கும் ரயில்களின் நேரத்தைக் கொரிய மொழியில் எழுதிக் காக்காவோ டாக் செயலியில் அனுப்பச் சொல்லுங்கள் உங்கள் கணவரை. முதல் சில தடவை கூடப் போங்கள். முக்கியமாக, வாரம் இரண்டு நாள் பேரனை அழைக்க வேறு ஏற்பாடு செய்யுங்கள். மூன்று மணிக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்றால் அவர் கிளம்பவே மாட்டார். உங்களிடம் அதைச் சொல்லவும் மாட்டார்.

ஹ்வாத்து என்ற கொரியச் சீட்டில் கோ-ஸ்டாப் ஆட்டம் ஆடப் பொதுவாக மூன்று பேர் வேண்டும். நான்கு பேராகச் சேர்ந்தால் ஒருத்திக்கு முட்டி வலித்தாலும் ஆட்டம் நிற்காது. சில்லறைக் காசு வைத்து ஆடினால் தடுக்காதீர்கள்.

ஆறு வாரம் கழித்து அதே படிவத்தை மறுபடி நிரப்பச் சொல்லுங்கள். மதிப்பெண் இறங்கவில்லை என்றால் சீட்டாட்டம் மட்டும் போதாது. கொரிய மொழி பேசும் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.