பூச்சுக்குக் கொடுக்கும் பணத்தை ஊதும் இடத்தில் போடுங்கள்: சாக்ஸபோன் கேள்வி – பதில்

கேள்வி: ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு ஆல்ட்டோ சாக்ஸபோன் வாங்கப் போகிறோம். 40 ஆயிரத்துக்குள் முடிக்க ஆசை. கடையில் ஒரே மாடலைத் தங்க நிற லாக்கரில் 32 ஆயிரம், கறுப்பு நிக்கலில் 36 ஆயிரம், வெள்ளி முலாமில் 45 ஆயிரம் என்கிறார்கள். வெள்ளியில் நாதம் இனிக்கும், கறுப்பில் கனமாக வரும் என்றும் சொல்கிறார்கள். கூடுதலாகக் கொடுக்கலாமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: வேண்டாம். 32 ஆயிரம் ரூபாய்க் கருவியையே பாருங்கள். மிச்சப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

சாக்ஸபோன் பித்தளையில் செய்ததுதான், ஆனால் நம் காதில் விழுவது பித்தளையின் ஒலி அல்ல. வீணையில் தந்தியின் அதிர்வைப் பலாமரக் குடம் வாங்கி வெளியே அனுப்புகிறது. அங்கே மரம் மாறினால் நாதமும் மாறும். சாக்ஸபோனில் ஊதும் முனையில் கட்டிய மெல்லிய நாணல் பட்டை, அதாவது ரீடு, துடிக்கிறது, கூம்புக் குழாய்க்குள் அடைபட்ட காற்று அதற்கு ஈடாக அதிர்கிறது. அந்தக் காற்றுக்கு வடிவம் கொடுப்பதும், அதைக் கசியவிடாமல் காப்பதும்தான் குழாயின் வேலை. அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் பாரிஸில் காப்புரிமை பெற்ற இந்தக் கருவியை, உடம்பு முழுக்க உலோகமாக இருந்தும் கிளாரினெட், புல்லாங்குழல் குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள். நாதத்தைத் தீர்மானிப்பவை வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸின் உள்கூடு, ரீடு, கழுத்துக் குழாயின் உள்ளளவு, துளைகள் அமைந்த இடம், பேடுகள் எனும் தோல் மெத்தைகள் அவற்றை மூடும் நேர்த்தி, பிறகு வாசிப்பவரின் உதடும் தொண்டையும். லாக்கர் என்பது வார்னிஷ் போன்ற மெல்லிய பூச்சு. முலாம் அதைவிட மெல்லியது. குழாயின் உள்ளளவை இவை இரண்டும் மாற்றுவதில்லை.

அமெரிக்க இயற்பியலாளர் ஜான் கோல்ட்மன் 1971-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். வெள்ளி, செம்பு, மரம் ஆகிய மூன்றிலும் உள்ளளவு ஒன்றாக இருக்கும்படி புல்லாங்குழல்கள் செய்து, கேட்பவர்கள் பார்க்க முடியாதபடி வாசிக்கச் சொன்னார். எது எந்தக் குழல் என்று கேட்டவர்களாலும் சொல்ல முடியவில்லை, வாசித்தவர்களாலும் சொல்ல முடியவில்லை. பொருளையே மாற்றியும் இந்த நிலை என்றால், மேலே பூசிய பூச்சு எம்மாத்திரம்? சாக்ஸபோனிலும் ஓர் உதாரணம் உண்டு. ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் 1953-ல் டொரன்டோவின் மாஸி ஹாலில் வாசித்தது கிராஃப்டன் நிறுவனத்தின் பிளாஸ்டிக் ஆல்ட்டோவில். அந்தப் பதிவில் கேட்பது பார்க்கரின் நாதமேதான்.

பல நல்ல வித்வான்கள் பூச்சு மாறினால் ஒலி மாறுவதாக உணர்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பல கம்பெனிகள் வெள்ளிப் பூச்சோடு வேறு கழுத்தையும் சேர்த்து விற்கின்றன. பேடும் ஸ்பிரிங்கும் செட் செய்த விதமும் கருவிக்குக் கருவி வேறுபடும். ஒரே லாக்கரில், ஒரே மாடலில் இரண்டை எடுத்து வாசித்தாலே வித்தியாசம் தெரியும். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே மவுத்பீஸ், ஒரே ரீடு. வாசிப்பவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும், இன்னொருவர் கருவியை மாற்றி மாற்றிக் கையில் கொடுக்கட்டும். நீங்கள் திரும்பி நின்று கேளுங்கள். பத்து முறையாவது செய்யுங்கள். ஓரிரு முறை சரியாகச் சொல்லிவிட்டால் அது கணக்கில் வராது.

மிச்சமாகும் எட்டாயிரத்தை இப்படிச் செலவிடுங்கள். மலிவுக் கருவியோடு வரும் மவுத்பீஸை ஒதுக்கிவிட்டு யமஹா 4சி வாங்குங்கள். அதில் முனை இடைவெளி, அதாவது ரீடுக்கும் மவுத்பீஸ் முனைக்கும் நடுவே உள்ள இடம், குறைவு; குழந்தைக்கு மூச்சு வீணாகாது. ரீடு 2-ஆம் எண்ணில் (எண் அதன் விறைப்பைக் குறிக்கும்) ஒரு பெட்டி, அதாவது பத்து. கழுத்தில் மாட்டும் பட்டைக்குப் பதில் இரு தோளிலும் மாட்டும் பட்டை, ஏனென்றால் ஆல்ட்டோ இரண்டரைக் கிலோ வரும். மீதியை ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுத்து, வாங்கிய வாரமே பேடுகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பெயர் தெரியாத புதுக் கருவிகளில் நாங்கள் கட்டாயம் என்று சொல்லும் செலவு இது ஒன்றுதான்.

கேள்வி: லாக்கர் பாதி உரிந்த பழைய யமஹா ஒன்று 45 ஆயிரத்துக்கு வருகிறது. அதே விலைக்குப் புத்தம் புதிய, பெயர் தெரியாத கம்பெனிக் கருவியும் கிடைக்கிறது. எது நல்லது? பழையதை எப்படிச் சோதிப்பது?
– வாசகர், வேளச்சேரி

பதில்: கீழே சொல்லும் சோதனைகளில் தேறினால் பழைய யமஹாதான். லாக்கர் உரிந்ததற்காக விலையை அடித்துப் பேசுங்கள், ஆனால் அதற்காகக் கருவியை ஒதுக்க வேண்டாம்.

மலிவான புதுக் கருவிகளில் முதலில் காட்டிக்கொடுப்பது கீகளின், அதாவது பேடுகளைத் தூக்கி மூடும் விசைகளின், உலோகம். மென்மையாக இருப்பதால், பெட்டியிலிருந்து எடுக்கும்போது கை பட்டே வளைந்துவிடும். கீ வளைந்தால் பேடு ஒரு பக்கம் மட்டும் உட்காரும், காற்று கசியும். துளைகளின் விளிம்பே சமமாக இல்லாவிட்டால் எத்தனை முறை பேடு மாற்றினாலும் பயனில்லை.

பழையதைப் பார்க்கப் போகும்போது உங்கள் மவுத்பீஸ், புது ரீடு, நூல் போன்ற எல்இடி விளக்கு, மெல்லிய தாள், போனில் ட்யூனர் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். முதலில் உடம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்து, துப்பாக்கிக் குழலைப் பார்ப்பதுபோல் நீளவாக்கில் பாருங்கள். கோணல் இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அடுத்து கழுத்து. வளைவின் அடிப்பக்கம் நசுங்கியோ, வட்டம் முட்டை வடிவமாகவோ இருந்தால் யாரோ மவுத்பீஸை அமுக்கி மாட்டும்போது கழுத்தை மடக்கியிருக்கிறார்கள். கழுத்தின் அகன்ற வாயை உள்ளங்கையால் அடைத்து, மேலே உள்ள சின்னத் துளையை விரலால் மூடி, கார்க் பக்கத்திலிருந்து காற்றை உறிஞ்சுங்கள். உறிஞ்சியது அப்படியே நிற்க வேண்டும்.

பிறகு அறையை இருட்டாக்கி, விளக்கை உடம்புக்குள் இறக்கி ஒவ்வொரு கீயாக மெதுவாக மூடுங்கள். அழுத்தி மூடினால் எந்தப் பேடும் அடைத்துவிடும், அது சோதனை ஆகாது. எங்கே வெளிச்சக் கீற்று தெரிகிறதோ அங்கே கசிவு. சந்தேகம் வந்த இடத்தில் ஒரு சென்டிமீட்டர் அகலத் தாளைப் பேடுக்கு அடியில் வைத்து மூடி இழுங்கள். சுற்றிலும் நான்கு இடத்தில் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். ஜி ஷார்ப் பேடு ஒட்டிக்கொள்வது வியர்வையும் எச்சிலும் படிந்ததால். அதைப் பெரிய குறையாக எண்ண வேண்டாம்.

கடைசியாக வாசிப்பு. கீழ் பி ஃபிளாட், பி, சி ஆகிய மூன்றையும் மெல்லிய ஒலியில் எடுங்கள். சத்தமாக ஊதினால் மட்டும் வருகிறது என்றால் மேலே எங்கோ கசிவு. கருவி சூடேறிய பின் ஒரு ஸ்வரத்தை ட்யூனரோடு சேர்த்துவிட்டு மற்றவற்றைப் பாருங்கள். நடு டி சற்று ஏறி நிற்பதும், எல்லாத் துளையும் திறந்த சி ஷார்ப் சற்று இறங்குவதும் நல்ல கருவிகளிலும் உண்டு. பத்துப் பதினைந்து சென்ட் (அரை ஸ்வர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வரை உதட்டால் சரிக்கட்டலாம். முப்பது சென்ட் என்றால் வாழ்நாள் முழுக்கப் போராட வேண்டியிருக்கும்.

எல்லாப் பேடும் மாற்ற வேண்டிய நிலை என்றால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். இருபதுக்கு மேற்பட்ட பேடுகள், ஒரு நாள் வேலை அல்ல. பின்புறம் பொறித்த வரிசை எண்ணையும் பாருங்கள். யமஹா பெயர் போட்ட போலிகள் உண்டு.

வாங்கிய பிறகு மறுலாக்கர் போட வேண்டாம். அதற்குமுன் பாலீஷ் சக்கரத்தில் தேய்ப்பார்கள், அதில் உலோகம் தேயும், துளை விளிம்பும் தேயும். பணம் கொடுத்துக் கருவியின் மதிப்பைக் குறைத்துக்கொள்வது அது.

கேள்வி: லாக்கர் போன இடங்கள் கறுத்துவிட்டன. பித்தளைப் பாத்திரம்போல் புளி போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: கூடவே கூடாது. குத்துவிளக்குக்குப் பேடும் ஸ்பிரிங்கும் கிடையாது. புளித்தண்ணீர் தோல் பேடில் இறங்கினால் அது விறைக்கும், எஃகு ஸ்பிரிங்கில் பட்டால் துருப்பிடித்து முறியும். பாலீஷ் திரவத்தில் உள்ள மண் போன்ற துகள் கீயின் அச்சுக்குள் போய் அதைத் தேய்க்கும். கறுப்பு அழகுக்குத்தான் குறை, கருவிக்கு ஒன்றும் ஆகாது. பச்சைக் களிம்பு இருந்தால் மட்டும் ஈரத்துணியால் துடைத்து உடனே காய விடுங்கள். கழுத்தில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப்போய்ச் செம்பு மட்டும் நிற்பதன் அடையாளம் அது. ஒவ்வொரு முறை வாசித்த பின்னும் உள்ளே துணி விட்டு இழுக்காததால் வருவது.

கேள்வி: கடலோரம் குடியிருக்கிறோம். எந்தப் பூச்சு தாங்கும்?
– வாசகர், திருவான்மியூர்

பதில்: பூச்சைப் பார்த்து வாங்க வேண்டிய காரணம் இதுதான், நல்ல கேள்வி. உப்புக் காற்றுக்கும் வியர்வைக்கும் லாக்கர் நன்றாகத் தாங்கும்; கீறல் விழுந்த இடத்தில்தான் அரிப்பு தொடங்கும். பூச்சே இல்லாத பித்தளை உங்கள் வீட்டுக்கு வேண்டாம். வெள்ளி உப்பைத் தாங்கும், கந்தகத்தைத் தாங்காது. கூவம், அடையாறு ஓரத்துச் சாக்கடை நாற்றத்தில் உள்ள வாயு வெள்ளியைச் சீக்கிரம் கறுக்க வைக்கும். ரப்பர் பேண்டிலும் கந்தகம் உண்டு, பெட்டிக்குள் போடாதீர்கள். நிக்கல் உறுதியானது, ஆனால் சிலருக்குத் தோலில் அரிப்பு வரும். விலை குறைந்த கவரிங் வளையலுக்குத் தடிப்பு வருபவர்கள் கவனிக்கவும்.

எந்தப் பூச்சானாலும் ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் எஃகுதான். ஆண்டுக்கு இருமுறை, ஊசி முனையில் தொட்டு ஒரு துளி எண்ணெய் வையுங்கள். பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்கட்டும். மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் கருவியை விடாதீர்கள். பேடுகளைப் பிடித்திருப்பது அரக்கு அல்லது பசை. இளகினால் பேடு நகர்ந்துவிடும்.

கேள்வி: நாகசுரம் வாசிப்பவன். கச்சேரிக்குச் சாக்ஸபோனும் கற்க விருப்பம். எனக்குப் பழகிய இரண்டரைக் கட்டையிலேயே வாசிக்க ஆல்ட்டோ சரிவருமா, டெனரா?
– வாசகர், வடபழனி

பதில்: ஆல்ட்டோவில் சி என்று எழுதும் ஸ்வரம் இ ஃபிளாட்டாக, அதாவது சுருதி அளவில் இரண்டரைக் கட்டையாக ஒலிக்கும். கேட்க வசதியாகத் தெரியும். ஆனால் கீழ் சி-யை ஸட்ஜமாக வைத்தால் அதற்குக் கீழே நிஷாதம் மட்டுமே மிஞ்சும், கீழ் ஸ்தாயியின் மந்திர பஞ்சமம் கிடைக்காது. ஓர் ஸ்தாயி மேலே உள்ள சி-யை வைத்தால் மேல் ஸ்தாயியின் தார பஞ்சமம் கீகளின் எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே ஆல்ட்டோவில் எஃப் அல்லது ஜி-யை ஸட்ஜமாக வைப்பதுதான் பொருத்தம். முன்னது ஐந்தரைக் கட்டை, பின்னது ஆறரை. இரண்டிலும் மந்திர பஞ்சமம் முதல் தார பஞ்சமம் வரை தாராளமாக வரும்.

இரண்டரைக் கட்டை கட்டாயம் என்றால், ஆல்ட்டோவைவிடப் பெரிய, தாழ்ந்து ஒலிக்கும் டெனரில் எஃப்-ஐ ஸட்ஜமாக்குங்கள், கச்சிதமாக உட்காரும். எடையும் விலையும் கூடும், மூச்சும் கூடுதலாகக் கேட்கும். சாக்ஸபோன் வித்வான் கத்ரி கோபால்நாத் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தது ஆல்ட்டோ. கமகத்துக்கு அதன் லேசான கீகள் நன்றாக ஒத்துழைக்கும்.

கமகம் உதட்டிலும், கீயைப் பாதி திறந்து பிடிப்பதிலும்தான் பிறக்கிறது. அதனால் நீங்கள் காசு போட வேண்டியது ஆட்டமில்லாத கீகளிலும், வளைந்து கொடுக்கும் மவுத்பீஸிலும். முனை இடைவெளி 1.7 மில்லிமீட்டர் அளவில், ரீடு இரண்டரையில் தொடங்குங்கள். சீவாளி கடித்த பழக்கத்தில் தாடையை இறுக்குவீர்கள். இறுக்கினால் சுருதி ஏறும், ஒலி கீச்சிடும். கீழுதட்டைப் பல் மேல் மடித்து, ஊ என்று சொல்லும் தளர்வில் வைத்து, முதல் மாதம் நீண்ட ஸ்வரங்களை மட்டும் தம்புராவோடு பிடியுங்கள். ஏசி சபாவில் சுருதி இறங்கும், புழுக்கமான மண்டபத்தில் ஏறும். இறங்கினால் மவுத்பீஸைக் கார்க்கில் ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளுங்கள், ஏறினால் வெளியே இழுங்கள்.

கேள்வி: புதுக் கருவி. கீழ் ஸ்வரங்களில் மட்டும் தண்ணீர் கொப்பளிப்பதுபோல் ஒலி நடுங்குகிறது. கருவி பழுதா?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: முதலில் மவுத்பீஸை அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளிப் பாருங்கள். அதிகம் வெளியே இருந்தால் கீழ் பி, பி ஃபிளாட் இப்படித்தான் நடுங்கும். நின்றுவிட்டால் கருவியில் பழுதில்லை, மவுத்பீஸ் பொருந்தவில்லை. நிற்கவில்லை என்றால் ஜி ஷார்ப் பேடையும், வலக்கை எஃப் கீயோடு சேர்ந்து மூடும் மேல் பேடையும் விளக்கு வைத்துப் பாருங்கள். வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை என்றால் சொந்தமாக ஸ்க்ரூவைத் திருகாமல் கடைக்கே எடுத்துப் போங்கள்.