9 மாதக் குழந்தை கன்னட ஆயாவிடம் ஒட்டிக்கொண்டாள். தமிழ் வராமல் போய்விடுமா?

பெங்களூரில் நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறீர்கள், குழந்தை பகல் முழுக்க டே கேரில், ஆயாவுக்குக் கன்னடம் மட்டுமே தெரியும், மாலையில் அவர் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். கேள்வியிலிருந்து எனக்குப் புரிவது இதுதான். வீட்டில் நீங்கள் பேசிக்கொண்டே இருந்தால் தமிழ் எங்கும் போகாது. ஒட்டிக்கொண்டதும் நல்லதற்கே.

ஆள் முகம் பார்த்துத்தான் இந்த வயதில் மொழி ஏறும். 2003இல் குழந்தைகளின் மொழி பற்றி ஆராய்ந்த பாட்ரிசியா கூல் குழுவினர் 9 மாத அமெரிக்கக் குழந்தைகளோடு நேரில் உட்கார்ந்து மாண்டரின் பேசி விளையாடினார்கள்; சுமார் 25 நிமிடம் வீதம் 12 தடவை. அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதையே திரையில் பார்த்தவை அறியவில்லை. ஆகவே டே கேரில் நிறுத்தச் சொல்ல வேண்டியது டிவியை, கன்னடத்தை அல்ல.

ஆயாவை இங்கிலீஷ் பேசச் சொல்லும் பெற்றோரும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். 'கம், சிட், ஈட்' என்று மூன்று சொல்லோடு அவர் வாய் அடைத்துப்போகும். கொஞ்சலும் தாலாட்டும் அவரவர் மொழியில்தான் வரும்.

டயப்பர் மாற்றும் நேரத்தைக் கவனியுங்கள். தடவைக்கு 5 நிமிடம், நாளுக்கு 4 தடவை என்றால் 20 நிமிடம் முகத்துக்கு முகம். குழந்தை மருத்துவர் எம்மி பிக்லர் 1946இல் புடாபெஸ்டில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், செய்யப்போவதை முதலில் சொல்வார்கள். குழந்தை காலை அசைத்தோ பார்த்தோ பதில் தரும்வரை பொறுத்து, பிறகே தூக்குவார்கள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மாற்றினால் அந்த 20 நிமிடமும் வீண்.

'இங்கா', 'மம்மு', 'தாச்சி' என்று வீட்டில் என்ன சொல்கிறீர்களோ அதை ஆயாவுக்குச் சொல்லிக்கொடுங்கள். குழந்தை 'இங்கா' என்று அழும்போது அது பால் என்று அவருக்குத் தெரிய வேண்டும். நீங்களும் ஹாலு (பால்), நீரு (தண்ணீர்), ஊட்டா (சாப்பாடு), நித்தெ (தூக்கம்), பா (வா) ஆகிய கன்னடச் சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாலையில் பிடுங்கித் தூக்காதீர்கள். தரையில் பத்து நிமிடம் உட்காருங்கள், அவளே தவழ்ந்து வரட்டும்.

'அம்மா வீட்டிலேயே இருக்கலாமே' என்று கீழே எழுத வருகிறவர்கள் சட்டத்தையும் படிக்கட்டும். 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தில் வந்த திருத்தம் முதல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பக வசதி வேண்டும், தாய் நாளுக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம். அதை எத்தனை பேர் கேட்கிறோம்? டே கேர் கட்டணத்தில் சுவர்ச் சித்திரத்துக்கும் கேமராவுக்கும் பணம் இருக்கிறது, ஆயா சம்பளத்துக்கு இல்லை. பிறகு ஏன் ஆயாக்கள் வேலையில் நீடிப்பார்கள்?

ஆயா மாறுகிறார் என்று தெரிந்தால் ஒரு வாரமாவது பழையவரும் புதியவரும் சேர்ந்து இருக்கும்படி கேளுங்கள். பழையவர் பக்கத்தில் இருக்க, புதியவர் முதலில் ஊட்டட்டும், பிறகு டயப்பர். தூங்க வைப்பதைக் கடைசியில் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.