1961-இல் எழுதிய உயில் இப்போது கிடைத்திருக்கிறது. வழக்குப் போடலாமா?

கேள்வி: தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய 4 ஏக்கரை என் அப்பாவுக்கு மட்டும் 1961-இல் உயில் எழுதிப் பதிவு செய்திருக்கிறார். பதிவு அலுவலகப் பழைய ஆவணங்களில் தேடி இப்போதுதான் நகல் எடுத்தோம். 1968-இல் தாத்தா போனதும் பெரியப்பா நிலத்தைப் பிடித்துக்கொண்டு எங்களை விரட்டினார். 2 ஏக்கரை விற்றுவிட்டார். மீதி அவர் மகன்கள் பெயரில் பட்டா. பாட்டி, அப்பா, அத்தை யாரும் இப்போது இல்லை. உயிலைக் காட்டியதும், 70 சென்ட் தருகிறோம் என்கிறார்கள். அவமானமாக இருக்கிறது.
- திருவண்ணாமலை மாவட்ட வாசகர்

பதில்: உங்கள் குடும்பம் பட்ட கஷ்டம் புரிகிறது. ஆனால் அதற்காக நீதிமன்றம் ஒரு சென்ட்கூடத் தராது. அந்த உயிலை நிரூபிக்க முடியுமா, அதுதான் கேள்வி.

பதிவாகியிருப்பது மட்டும் போதாது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் உயிரோடு இல்லையென்றால், ஒரு சாட்சியின் கையெழுத்தையும் தாத்தாவின் கையெழுத்தையும் அவர்களுடையதுதான் என்று காட்ட வேண்டும். அந்தக் காலத்தில் பத்திரத்தைப் பார்த்து பதிவு அலுவலக எழுத்தர் கையால் மூன்றாம் புத்தகத்தில், அதாவது உயில்களுக்கான பதிவேட்டில், எழுதுவார். ஆக, உங்கள் நகலில் தாத்தா பெயர்கூட எழுத்தர் எழுதியதுதான். ஒப்பிட்டுப் பார்க்க அதில் எதுவும் இல்லை. அசல் எங்கே, தாத்தாவே கிழித்துப் போட்டுவிட்டாரா என்று எதிர்த்தரப்பு கேட்கும். 30 வருஷத்துக்கு மேல் பழைய ஆவணம், அதனால் செல்லும் என்று யாராவது தைரியம் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். பழைய ஆவணம் என்றால் உண்மையானதுதான் என்ற அனுமானம் உயிலுக்குப் பொருந்தாது என்று 2009-இல் பர்ப்பூர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. பழைய உயில் கையில் கிடைத்த சந்தோஷத்தில் அதில் போய் விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "1968 முதல் நிலம் முழுக்க அப்பாவுடையது" என்று வழக்கு போட்டால், பெரியப்பா அந்நியர் ஆகிவிடுகிறார். "அப்படியானால் அன்றிலிருந்து உங்களுக்கு எதிராகத்தான் அனுபவிக்கிறோம், நிலத்தை மீட்க வழக்குப் போடுவதற்கான 12 வருஷக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது" என்பார்கள். உங்கள் வாதமே அவர்களுக்கு ஆயுதம். உயிலை விட்டுவிட்டு வாரிசுப் பங்கு கேட்டால் நிலைமை வேறு. கூட்டு வாரிசுகளில் ஒருவர் அனுபவிப்பது எல்லோருக்காகவும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்களை வெளியேற்றி, உரிமையை மறுத்து 12 வருஷம் ஆனது என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். அதனால்தான் "அப்போதே விரட்டிவிட்டார்" என்ற வரியை எந்த நோட்டீஸிலும் எழுதாதீர்கள் என்கிறேன். அதை எழுதினால் அவர்கள் வேலையை நீங்களே செய்துகொடுத்த மாதிரி. நடந்ததை மாற்றிச் சொல்லவும் வேண்டாம், குறுக்கு விசாரணையில் அது வெளியே வந்துவிடும். ஆக, அந்த வழியும் உங்களுக்கு உறுதியில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். அப்பா, பெரியப்பா, அத்தை என மூன்று பங்கு. மீதமிருக்கும் 200 சென்ட்டில் உங்களுக்கு 66 சென்ட் சொச்சம். விற்றதையும் சேர்த்தால் 133. ஆனால் அதற்குக் கிரயம் வாங்கியவர்களையும் வழக்கில் இழுக்க வேண்டும், அப்பீல் வரை போக வேண்டும்.

70 சென்ட்டை வாங்கிக்கொள்ளுங்கள். உயில் மேல் அவர்களுக்கு இருக்கும் பயம், ஒரு வக்கீலைப் பார்த்ததும் போய்விடும். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்ளாதீர்கள். நிலத்தை அளந்து, நான்கு எல்லையும் குறித்து, பத்திரமாகப் பதிவு செய்யுங்கள். அத்தையின் பிள்ளைகள் எல்லோரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அவர்களை விட்டுவிட்டால், உங்களுக்குக் கிடைத்த 70 சென்ட்டிலும் நாளைக்குப் பங்கு கேட்டு வருவார்கள்.