கல்லீரல் மாற்று அறுவை: தியேட்டருக்குள் நடப்பது என்ன?

கல்லீரல் மாற்று அறுவை நடக்கும் தியேட்டரில் டாக்டர்களுக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் நர்ஸ் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அப்பாவுக்கு லிவர் சுருங்கிவிட்டது. நான் கொடுக்கத் தயார், அம்மாதான் பயந்து அழுகிறார். எவ்வளவு எடுப்பார்கள்?

பெரியவர்களுக்கு என்றால் பெரும்பாலும் வலது பக்கம், சுமார் 60 சதவீதம். ஸ்கேனில் முன்பே அளந்துவிடுவார்கள். உங்களிடம் 30 சதவீதத்துக்குக் குறையாமல் மிஞ்ச வேண்டும். அப்பாவுக்குப் போவது அவர் எடையில் 0.8 சதவீதமாவது இருக்க வேண்டும். 60 கிலோ என்றால் 480 கிராம். உங்களுக்கு மிஞ்சுவது குறைந்துவிடும் என்றால் டாக்டர்கள் அதற்கு மேல் போகமாட்டார்கள். மிஞ்சியது சில மாதங்களில் ஏறக்குறைய பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். பித்தப்பையை எடுத்துவிடுவார்கள், அது இல்லாமலும் நன்றாக வாழலாம். ஆனால் கொடுப்பவருக்கு ஆபத்தே இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பித்தக் கசிவு வரலாம், அரிதாக உயிருக்கே ஆபத்தாகலாம். அம்மாவையும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், அவரே கேட்கட்டும்.

உள்ளே நடப்பதை வரிசையாகச் சொல்லுங்கள் சிஸ்டர்.

பழைய கல்லீரலை எடுப்பதே பெரும்பாடு. சுற்றியுள்ள ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும், தொட்டாலே கசியும். முன்பெல்லாம், கல்லீரலுக்குப் பின்னால் ஓடி இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருஞ்சிரையின் ஒரு துண்டையும் சேர்த்தே வெட்டி எடுப்பார்கள். 'பிக்கிபேக்' முறையில் சிரையை அப்படியே விட்டுவிட்டுக் கல்லீரலை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். உயிரோடிருப்பவர் கொடுக்கும்போது இப்படித்தான் செய்தாக வேண்டும், ஏனென்றால் கொடுப்பவரின் பெருஞ்சிரை அவருக்கே வேண்டும், துண்டோடு வராது.

அப்புறம் புதியதை வைத்து, முதலில் கல்லீரல் சிரை, அடுத்து குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை என்று தைப்பார்கள். ரத்தக் குழாயை அடைத்துப் பிடித்திருக்கும் கிளாம்பை எடுத்ததும், ஐஸிலிருந்து வெளிறி வந்த கல்லீரல் கண்ணெதிரே சிவக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும். மயக்க மருந்து டாக்டருக்கு மட்டும் அது பதற்றமான நிமிடம். குளிர்ந்த, பொட்டாசியம் மிகுந்த ரத்தம் இதயத்துக்குப் போகும், ரத்த அழுத்தம் சட்டென்று சரியும்.

அடுத்தது தமனி. உயிரோடிருப்பவர் கொடுத்த துண்டில் அது 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். தலைமுடியைவிட மெல்லிய நூலால், மைக்ரோஸ்கோப் வைத்துத் தைக்கிறார்கள். அந்த ஊசி கைதவறித் துணியில் விழுந்தால் தேடி எடுப்பதற்குள் எனக்கு உயிரே போய்வரும். இந்தத் தமனியில் ரத்தம் உறைந்தால் கல்லீரலே வீணாகலாம். கடைசியில், கல்லீரலிலிருந்து பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பித்தநாளம். அதன் நுனியில் பொன்னிறமாகப் பித்தம் சொட்டினால் கல்லீரல் வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

பாப்பாவுக்குப் பிறவியிலேயே பித்தநாளம் சரியாக இல்லை. எதோடு இணைப்பார்கள்?

சிறுகுடலில் ஒரு வளையத்தை மேலே கொண்டுவந்து நேராக அதோடு தைப்பார்கள். குழந்தைக்கு இடது ஓரத்துச் சிறு துண்டே போதும், அதனால் கொடுப்பவருக்கும் சுமை குறைவு. 1998-ல் டெல்லி அப்போலோவில் இதே நோயோடு வந்த காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு அப்பா தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். இந்தியாவில் குழந்தைக்கு நடந்த முதல் வெற்றி அதுதான். அந்தப் பிள்ளை வளர்ந்து டாக்டராகிவிட்டார்.

மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரல் எவ்வளவு நேரம் தாங்கும்?

குளிர்ந்த திரவம் செலுத்தி ஐஸில் வைத்தால் சுமார் 12 மணி நேரம். அதற்கு எவ்வளவு முன்னால் பொருத்துகிறார்களோ அவ்வளவு நல்லது. ஆம்புலன்ஸ் அப்படிப் பறப்பது அதனால்தான், வழிவிடுங்கள்.