நிருபர் ஆக என்ன படிக்கலாம்? கேள்வி பதில்

பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்திலிருந்து செய்தி சேகரித்தவன் என்ற தைரியத்தில் பதில் சொல்கிறேன். இன்ஜினியரிங் கட் ஆஃப் கேட்டவர்கள் மன்னிக்கவும்.

காட்பாடி மாணவி: விஸ்காம் படித்தால்தான் நிருபர் ஆக முடியுமா அண்ணா?

இல்லைம்மா. விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் படிப்பில் கேமரா, எடிட்டிங், விளம்பரம் எல்லாம் கலந்து வரும். செய்தி எழுதுவது அதில் ஒரு பங்குதான். கேமரா பிடிக்க ஆசை என்றால் தாராளமாகச் சேர். எழுதத்தான் ஆசை என்றால் பொருளாதாரம், அரசியல் அறிவியல், வரலாறு, இப்படி ஒன்றை மேஜராக எடுத்து உருப்படியாகப் படி. இதழியலை அப்புறம் படித்துக்கொள்ளலாம். சென்னை ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் ஒரு ஆண்டு முதுநிலை டிப்ளமோ இருக்கிறது. எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியிருந்தாலும் விண்ணப்பிக்கலாம். ஒன்று மட்டும்: காசு வாங்கிக்கொண்டு பிரஸ் கார்டு தருகிறேன் என்பவன் பக்கமே போகாதே.

ஆம்பூர் மாணவன்: பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி கிடைத்திருக்கிறது. பத்திரிகை வேலைக்கு வீண்தானே சார்?

ஆம்பூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறாயே தம்பி! தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்டதை வைத்து வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில்தான், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பு சொன்னது. நம் ஊர்ச் செய்தியில் பாதி கெமிஸ்ட்ரிதான்.

என் கதையைக் கேள். தோல் பதனிடும் கழிவில் வருவது குரோமியம். குடிநீரில் மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆய்வறிக்கையைப் பார்த்து எழுதும்போது நான் ஒரு பூஜ்யத்தை விழுங்கி 0.5 என்று எழுதிவிட்டேன். கிணற்றில் இருந்ததோ 0.3. கெட்ட தண்ணீர் என் செய்தியில் நல்ல தண்ணீர் ஆகிவிட்டது. மறுநாள் காலை டீக்கடையில் நிற்கிறேன். கிணற்றுக்காரர் பேப்பரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். “நல்ல தண்ணின்னு போட்டிருக்கியே, வந்து ஒரு சொம்பு குடிச்சிட்டுப் போ.” திருத்தம் மூன்று வரியில் வந்தது, அதுவும் இரண்டு நாள் கழித்து. கெமிஸ்ட்ரியில் சேர். அலைடாக, அதாவது துணைப் பாடமாக, கணிதம் கிடைத்தால் விடாதே. பிரஸ் கார்டு விஷயம் உனக்கும்தான்.

குடியாத்தம் தமிழாசிரியர்: தமிழ்ப் பத்திரிகையில் வேலை, ஆனால் உங்கள் பட்டியலில் தமிழ் இலக்கியமே இல்லையே?

ஐயா, தமிழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது மட்டும் போதாது என்கிறேன். ஜமாபந்தி என்கிற வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கையில், ஊர் நிலங்களின் கணக்கான ‘அ’ பதிவேட்டைப் பிரித்து, ஏரிப் புறம்போக்கு எப்போது யார் பெயருக்குப் போனது என்று பார்க்க எந்தத் தமிழ்த் துறை சொல்லித் தருகிறது?

மீண்டும் அவரே: ஏரிக்கும் தாங்கலுக்கும், மதகுக்கும் கலங்கலுக்கும் வித்தியாசம் தெரியாதவன் அந்தப் பதிவேட்டைப் பார்த்து என்ன செய்வான்? ‘உடல் கைப்பற்றப்பட்டு பிரேதப் பரிசோதனைக்காக அனுப்பி வைக்கப்பட்டது’ என்று எழுதுவது யார்? உங்கள் பொருளாதாரக்காரர்கள்தானே?

அது காவல் நிலையத்தில் ஒட்டிக்கொண்ட தமிழ் ஐயா, எந்தப் பாடம் படித்தவனையும் விடாது. ஆனால் கலங்கல் விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். ‘ஏரி உடைந்தது’ என்று நானே ஒருமுறை எழுதியிருக்கிறேன். அன்று ஏரி நிரம்பி, உபரிநீர் வழிவதற்கென்றே கட்டிய கலங்கல் வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சரி, தமிழையும் பட்டியலில் சேர்த்தாயிற்று. தமிழ் மேஜர் எடுப்பவர்களுக்கு அலைடைப் பெரும்பாலும் கல்லூரியே முடிவு செய்துவிடும். மிஞ்சுவது என்.எம்.இ. தாள்தான், அதாவது வேறு துறையிலிருந்து நீங்களே தேர்ந்தெடுக்கும் விருப்பப் பாடம். மார்க் சுலபமாக வரும் என்று எதையோ எடுக்காமல், பொருளாதாரமோ புள்ளியியலோ இருந்தால் எடுங்கள்.

அரக்கோணம்: விஸ்காம் எடுக்கலாமா?

முதல் பதில்.

ஆற்காடு: விஸ்காம் நல்லதா, பி.ஏ. ஜர்னலிசம் நல்லதா?

முதல் பதிலைப் படித்துவிட்டு வாங்க.

திருப்பத்தூர்: ஆங்கிலம் அவசியமா?

எழுதத் தமிழ் போதும். டெண்டர் ஆவணமும் ஐகோர்ட் தீர்ப்பும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். வக்கீல் சொல்வதை நம்பி எழுதினால் வக்கீலின் செய்தியைத்தான் எழுதுவீர்கள்.

வாலாஜா, ஒரு தாய்: பெண்ணைச் சேர்க்கலாமா? சம்பளம் வருமா?

சேருங்கள் அம்மா. ஆனால் தாலுகா அளவில் பலர் பகுதிநேர நிருபர்கள். வெளியான செய்திக்குத்தான் காசு. சில இடங்களில் விளம்பரமும் பிடித்துத் தரச் சொல்வார்கள். வேலைக்கான உத்தரவு கையில் வராமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

பேரணாம்பட்டு: 3,000 ரூபாய்க்குப் பிரஸ் கார்டு, பைக்குக்கு ஸ்டிக்கர் இலவசம் என்கிறார்கள். வாங்கலாமா அண்ணா?

தம்பி, இதுவரை நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்?

குடியாத்தம் தமிழாசிரியர்: முதல் பதிலில் ‘ஒரு ஆண்டு’ என்று இருக்கிறது. ‘ஓராண்டு’.

திருத்திக்கொள்கிறேன் ஐயா.