தோப்பூரில் வென்றவர் திருச்சியையும் பிடித்திருந்தால்?

கேள்வி: நான் முதுகலை மாணவி. மாற்று வரலாறாக ஒரு தொடர்கதை எழுதுகிறேன். 1620-இல் தஞ்சை அரசர் ரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியை டேனிஷ்காரர்களுக்குக் கொடுக்காமல், அவர்களிடமிருந்தே கப்பல் கட்டக் கற்றுக்கொள்கிறார். 1700-க்குள் தஞ்சாவூர்க் கடற்படை இலங்கையையும் மலாக்காவையும் பிடித்துவிடுகிறது. படித்த தோழிகள் எல்லோரும் “நம்புற மாதிரி இல்லை” என்கிறார்கள். எங்கே தவறு?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: நீங்கள் அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் படித்தேன் அம்மா. தஞ்சாவூர் இன்னும் பெரிதாக வந்திருக்கலாமே என்ற ஏக்கம் எனக்கும் சின்ன வயசிலிருந்து உண்டு. அதனால் உங்கள் கதையை நம்பவே ஆசைப்பட்டேன். இரண்டாம் அத்தியாயத்தில் கப்பல் கட்டும் இடம் வந்ததும் முடியவில்லை.

கப்பலுக்கு முதலில் தேக்கு வேண்டும். டெல்டாவில் தேக்கங்காடு ஏது? நம்மிடம் இருப்பது இலுப்பை, வேம்பு, புன்னை, பனை, தென்னை. வீட்டுக்கும் தோணிக்கும் அது போதும். பெரிய கப்பலுக்கான மரம் மலையாளக் கரையிலிருந்தோ பர்மாவிலிருந்தோ வர வேண்டும். பீரங்கி வார்க்கச் செம்பும் தகரமும் கடல் கடந்து வர வேண்டும். துறைமுகமும் அப்படித்தான். தரங்கம்பாடியில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. தூரத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, சரக்கைப் படகில் ஏற்றி அலையைத் தாண்டிக் கொண்டுவந்தார்கள். பூம்புகாருக்குப் போய்க் காவிரி கடலில் கலக்கும் இடத்தைப் பாருங்கள். குடகிலிருந்து கிளம்பி வந்த ஆறு அங்கே ஒரு வாய்க்கால் அகலத்துக்கு வந்துவிட்டிருக்கும். இவ்வளவையும் ஒரே அரசர் ஒரே தலைமுறையில் கடந்தார் என்று எழுதினால், தோழிகள் சொல்வது சரிதான்.

தரங்கம்பாடியைக் கொடுத்ததை அசட்டுத்தனமாகக் காட்டியிருக்கிறீர்கள். அதையும் மாற்றுங்கள். நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர் ஊன்றிவிட்ட காலம் அது. இன்னொரு வணிகரை உள்ளே விட்டால் இருவரையும் ஒருவர் எதிரே ஒருவராக நிறுத்தலாம். ரகுநாதர் டேனிஷ் அரசருக்குத் தங்கத் தகட்டில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கெஞ்சுகிறவர் தங்கத்தில் எழுத மாட்டார்.

அப்புறம் எந்த இடத்தில் வரலாற்றைத் திருப்புவது? நான்கு வருஷம் முன்னால் போங்கள். 1616 வாக்கில், தோப்பூர். திருச்சிக்கும் கல்லணைக்கும் நடுவே நடந்த போர். விஜயநகர அரியணைக்கு யார் என்ற சண்டையில் ரகுநாதர் ஒரு பக்கம், விஜயநகரப் பிரபு ஜக்கராயனும் மதுரை, செஞ்சி நாயக்கர்களும் மறுபக்கம். ரகுநாதர் வென்றார், ஜக்கராயன் செத்தான். ஆனால் திருச்சி மதுரையிடமே இருந்தது. அதை ஒட்டிய ஆண்டுகளில் மதுரை முத்துவீரப்ப நாயக்கர் தலைநகரையே திருச்சிக்கு மாற்றிக்கொண்டார். உங்கள் கதை மாற்ற வேண்டியது இதை மட்டும்தான்: வென்ற படை அப்படியே மேற்கே நடந்து திருச்சிக் கோட்டையைப் பிடித்துக்கொள்கிறது.

ஒரு கோட்டையால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். நான் முப்பத்தொரு வருஷம் பாசனப் பிரிவில் வேலை பார்த்தவன், அந்தக் கணக்கில் சொல்கிறேன். முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடம் பள்ளம், காவிரி மேடு. விட்டுவிட்டால் தண்ணீர் கொள்ளிடத்தைப் பார்த்தே ஓடும். ஸ்ரீரங்கம் தீவைத் தாண்டி இரண்டும் மறுபடி நெருங்கும் இடத்தில், காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் விழாமல் தடுத்துக் கிழக்கே திருப்புவதுதான் கல்லணையின் வேலை. தஞ்சாவூரின் சோறு முழுக்க அந்தக் கரையில் நிற்கிறது. அந்தக் கரைக்கு மேற்கே இருப்பது திருச்சி. 18-ஆம் நூற்றாண்டில் திருச்சியை வைத்திருந்த ஆற்காட்டு நவாபும் தஞ்சை மராட்டிய அரசரும் இந்தக் கரையைச் செப்பனிடுவது பற்றியே மல்லுக்கட்டினார்கள். 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டியதும், காவிரிக்கு வர வேண்டிய தண்ணீர் கொள்ளிடத்துக்குப் போய்க்கொண்டிருந்ததால்தான்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு தலைப்பு மதகில் எனக்கு வேலை. முறைப்பாசனம் ஓடிய ஆவணி மாதம். ராத்திரி இரண்டு மணிக்குக் கடைமடையிலிருந்து பதினைந்து பேர் சைக்கிளில் வந்துவிட்டார்கள். முறை அவர்களுடையது. மேல் ஊரில் யாரோ ஷட்டரை இறக்கிவிட்டதால் வாய்க்காலில் தண்ணீர் இல்லை. மதகைத் திறந்து மூடும் லஸ்கர் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடிக்க, ஒரு பெரியவர் மதகுத் தூணில் கையை வைத்துக்கொண்டு, “சாவி உங்ககிட்ட இருக்கு, பயிர் எங்ககிட்ட இருக்கு” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தஞ்சை நாயக்கர்களின் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும். பயிர் அவர்களிடம் இருந்தது. சாவி இல்லை.

இப்போது இதை வைத்து முன்னால் நகருங்கள். திருச்சி தஞ்சையிடம் இருந்தால் 1673 அப்படியே நடக்காது. மதுரை சொக்கநாத நாயக்கரின் படை திருச்சியிலிருந்து வந்துதான் தஞ்சையைப் பிடித்தது. தஞ்சையை ஆண்ட கிழட்டு விஜயராகவ நாயக்கர் போரில் இறந்தார். சொக்கநாதர் அங்கே உட்காரவைத்த அழகிரி அவரையே மதிக்காமல் போனது, பழைய வம்சத்துப் பிள்ளைக்காகப் பீஜப்பூரிடம் உதவி கேட்கப்பட்டது, அங்கிருந்து வந்த மராட்டியத் தளபதி ஏகோஜி தானே அரியணை ஏறியது எல்லாம் அதைத் தொட்டு வந்தவை.

ஆனால் எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுதாதீர்கள். கோட்டை கைக்கு வந்தாலும் விஜயராகவர் அதே விஜயராகவர்தான். மகனைச் சிறையில் வைத்திருந்து கடைசி நேரத்தில் விடுவித்தவர் என்கிறது கதை. வாரிசுச் சண்டை இல்லாத தஞ்சாவூரை நான் நம்ப மாட்டேன். பெரிதாகும் அரசைப் பார்த்து அக்கம்பக்கம் சும்மா இருக்காது. மதுரையும் செஞ்சியும் முன்னைவிட நெருக்கமாகச் சேரும். சாவியும் ஒன்றோடு முடியாது. 1700-ஐ ஒட்டி மைசூர் சிக்கதேவராயர் மேலே காவிரியை மறித்து அணை போட்டார். அதை உடைக்க ராணி மங்கம்மாளும் தஞ்சையும் சேர்ந்து படை திரட்டிக்கொண்டிருக்கும்போதே பெருமழை வந்து அணையை அடித்துக்கொண்டு போனது. நிஜத்தில் நடந்ததே இவ்வளவு விறுவிறுப்பாக இருக்கிறது. உங்கள் கதையில் திருச்சி தஞ்சையிடம் இருப்பதால் மைசூரோடு நேருக்கு நேர் நிற்க வேண்டியவர்கள் தஞ்சாவூர்க்காரர்களே. மழை அந்த வருஷம் தாமதமானால் என்ன செய்வார்கள்? மலாக்காவை விட்டுவிட்டு இதை எழுதுங்கள்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். 1660 வாக்கில் பீஜப்பூர்ப் படையெடுப்பும் பஞ்சமும் சேர்ந்து டெல்டாவை அழித்தன. பசியில் நாகப்பட்டினம் வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களை, 1658-இல் அந்தத் துறைமுகத்தைப் பிடித்திருந்த டச்சுக்காரர்கள் அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் பத்தேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள். உங்கள் கதையில் கடல் கடந்து போகிற தஞ்சைக்காரர்கள் எல்லோரும் வீரர்கள். நிஜத்தில் போனவர்கள் இவர்கள். உழுது நெல் விளைவித்த குடும்பங்கள், நெல் இல்லாமல் விற்கப்பட்டார்கள். உங்கள் தஞ்சாவூர் வளர்ந்துவிட்டதா என்று தெரிய வேண்டுமானால், அந்த வருஷத்தில் களஞ்சியம் யாருக்காகத் திறந்தது என்று ஓர் அத்தியாயம் எழுதுங்கள். திறக்கவில்லை என்று எழுதினாலும் சரி, அந்தக் குடும்பங்களைக் காட்டாமல் தாண்டிப் போகாதீர்கள். எனக்கு இதைப் படித்த நாளில் சாப்பாடு இறங்கவில்லை.

எதை இழக்கிறீர்கள் என்றும் ஒரு தாளில் குறித்துவையுங்கள். ஏகோஜி வராவிட்டால் அவர் வம்சத்துச் சரபோஜி இல்லை. சரசுவதி மகால் நூலகம் இன்றிருக்கும் அளவில் இல்லை. பெரிய கோயில் சுவரில் அந்த நீண்ட மராத்திக் கல்வெட்டு இல்லை. ஒரத்தநாட்டுச் சத்திரம் இல்லை. உங்கள் கதாநாயகி சரசுவதி மகாலில் சுவடி புரட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள், அந்த இடத்தைத் திருத்த வேண்டிவரும். அரசவையில் தெலுங்கு இன்னும் பல ஆண்டுகள் நீடித்திருக்கும்.

திருத்திய முதல் அத்தியாயத்தைக் கோட்டையில் தொடங்காமல் கல்லணைக் கரையில் தொடங்கிப் பாருங்கள். தோப்பூர்ப் போர் முடிந்த மறுநாள், கரையில் மண் போடும் ஓர் ஆள், இனி யாரிடம் கூலி வாங்குவது என்று தெரியாமல் நிற்கிறான். அடுத்ததையும் அனுப்புங்கள், படிக்கிறேன்.

கேள்வி: திருப்புறம்பியம் போரில் பாண்டியர் வென்றிருந்தால் சோழர் கதை அத்தோடு முடிந்திருக்குமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: முடிந்திருக்கலாம். கி.பி. 880 வாக்கில் நடந்த அந்தப் போரில் பெரிய ஆட்கள் பல்லவ அபராஜிதனும் கங்க மன்னன் பிருதிவீபதியும் பாண்டியன் வரகுணனும்தான். ஆதித்த சோழன் பல்லவர் பக்கம் நின்ற சின்ன ஆள். தஞ்சாவூர் கைக்கு வந்தே ஒரு தலைமுறைதான் ஆகியிருந்தது. பெரியவர்கள் மூவரும் களைத்துப்போனதுதான் அவனுக்கு வாய்ப்பாயிற்று. பிருதிவீபதி களத்திலேயே இறந்தான், வரகுணன் தோற்றான், அபராஜிதனைச் சில ஆண்டுகள் கழித்து ஆதித்தனே கொன்றான். பாண்டியர் வென்றிருந்தால், கொள்ளிடத்துக்கும் மண்ணியாற்றுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஊரிலிருந்து தஞ்சாவூருக்கு அவர்கள் போய்ச் சேர ரொம்ப நாள் ஆகியிருக்காது. உங்கள் ஊரிலிருந்து பக்கம்தான், ஒரு சாயங்காலம் போய் நின்று பாருங்கள். நான் போனபோது அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்ந்துகொண்டிருந்தது.